நெபுலா படம் சொதப்பும்போது: நெல்லை வானத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நெபுலா, அதாவது விண்வெளியில் ஒளிரும் வாயு, தூசி மேகத்தின் படம் சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது படத்தைத் திருத்தும் மென்பொருளில்தான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஸ்டாக் செய்த படத்தை, அதாவது பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்த்ததை மூடிவிட்டு, அன்று எடுத்த ரா (திருத்தாத மூல) கோப்புகளில் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று மூன்றைத் திறங்கள். நூறு சதவீதம் பெரிதாக்கி, நடுப்பகுதியையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். கோளாறு எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் தொடங்கியது என்பது பெரும்பாலும் அந்த மூன்றிலேயே தெரிந்துவிடும். ஸ்டாக் செய்த படத்தில் எல்லாக் கோளாறும் ஒன்றாகக் கலந்துவிடும். அதிலிருந்து காரணத்தைப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

இன்னொன்று. இந்தப் பொழுதுபோக்குக்கான கையேடுகளில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி அட்சரேகையில் இருப்பவர்கள் தங்கள் ஊருக்காக எழுதியவை. திருநெல்வேலி இருப்பது 8.7 டிகிரி வடக்கில். அவர்களுக்குத் துருவ நட்சத்திரம் பாதி வானத்தில் நிற்கும். நமக்கு அது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். அவர்களுடைய கேமரா இரவில் தானாகவே குளிரும். நமக்குச் சித்திரையில் நள்ளிரவிலும் மொட்டை மாடித் தரை சுடும். கையேட்டின் இயற்பியல் சரிதான், எண்களைத்தான் நம் ஊருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 60 முதல் 80 மி.மீ. வரை விட்டமுள்ள சிறு ரிஃப்ராக்டர் (லென்ஸ் வகை டெலஸ்கோப்) அல்லது 200 மி.மீ. லென்ஸ், வானம் சுழலும் வேகத்தில் கருவியைத் திருப்பும் ஒரு ஈக்வடோரியல் மவுண்ட் அல்லது ஸ்டார் டிராக்கர், ஒரு டிஎஸ்எல்ஆர் அல்லது வானியல் கேமரா வைத்திருப்பவரை மனதில் வைத்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

எல்லா நட்சத்திரமும் ஒரே திசையில் கோடாக நீண்டிருக்கிறது

நம் ஊரில் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். முதலில் நீட்சி எந்தத் திசையில் என்று கண்டுபிடியுங்கள். டிராக்கிங்கை நிறுத்திவிட்டு 15 விநாடி ஒரு படம் எடுத்தால் நட்சத்திரங்கள் கிழக்கு மேற்காகக் கோடு போடும். கேமராவைத் திருப்பாமல் கோளாறான படத்தை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே திசை என்றால் பழி மோட்டார், பல்சக்கரம், எடைச் சமன்பாடு ஆகியவற்றின் மேல். அதற்குச் செங்குத்தாக, வடக்கு தெற்காக நீண்டிருந்தால் துருவ ஒழுங்கு, அதாவது மவுண்டின் சுழலச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்தும் போலார் அலைன்மென்ட் சரியில்லை.

கிழக்கு மேற்கு நீட்சிக்கு மருந்து எளிது. டெலஸ்கோப்பும் எதிர் எடையும் மிகச் சரியாகச் சமமாக இருந்தால் பல்சக்கரங்கள் இடையில் உள்ள இடைவெளியில் முன்னும் பின்னும் ஆடும். கிழக்குப் பக்கம் ஒரு துளி கனமாக விடுங்கள். சக்கரம் எப்போதும் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டு ஓடும். அப்படியும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஆட்டம் திரும்பத் திரும்ப வந்தால் அது புழுச்சக்கரத்தின் இயல்பான பிழை. நட்சத்திரத்தைக் கவனித்து மவுண்டைத் திருத்தும் கைடு கேமரா வாங்கும்வரை எக்ஸ்போஷரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி.

வடக்கு தெற்கு நீட்சிதான் நம் சிக்கல். துருவ ஒழுங்கு எவ்வளவு தவறினால் எவ்வளவு நீளும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: பிழை எத்தனை ஆர்க்மினிட்டோ (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு; அதிலும் அறுபதில் ஒன்று ஆர்க்செகண்ட்) அதை எக்ஸ்போஷர் நிமிடத்தால் பெருக்கி, நாலால் வகுத்தால் நகர்வு ஆர்க்செகண்டில் ஏறக்குறைய வந்துவிடும். 10 ஆர்க்மினிட் தவறி 2 நிமிடம் எடுத்தால் 5 ஆர்க்செகண்ட். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் எத்தனை ஆர்க்செகண்ட் என்பதற்கு, பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 3.7 மைக்ரான் பிக்சலும் 400 மி.மீ. டெலஸ்கோப்பும் என்றால் 1.9. ஆக அந்த 5 ஆர்க்செகண்ட் இரண்டரை பிக்சலுக்கு மேல் வரும். நட்சத்திரம் நெல்மணி மாதிரி தெரியத் தொடங்கும்.

சரி, துருவ நட்சத்திரம் தெரிந்தால் மவுண்டின் அச்சில் உள்ள சிறு தொலைநோக்கியான போலார் ஸ்கோப்பில் வைத்துவிடலாம். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை மாடிகளில் 9 டிகிரியை ஒட்டிய உயரத்தில் உள்ள அந்த இரண்டாம் தர வெளிச்ச நட்சத்திரம் தெருவிளக்குப் புகைமூட்டத்தில் மறைந்தே போகும். கிராமத்தில் தென்னையும் பனையும் மறைக்கும். தெரிந்தாலும், அந்த உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைத்து, துருவத்தை உண்மையான இடத்தைவிட சுமார் 6 ஆர்க்மினிட் மேலே காட்டும். அகலக் கோண லென்ஸுக்கு அது பொருட்டில்லை, 400 மி.மீ.க்குக் கொஞ்சம் பொருட்டு.

துருவ நட்சத்திரமே வேண்டாத வழி இரண்டு உண்டு. லேப்டாப் இருந்தால் நினா போன்ற மென்பொருளில் மூன்று புள்ளி முறை இருக்கிறது. வானத்தில் எங்கு திறந்திருக்கிறதோ அங்கே மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு தவறியிருக்கிறது என்று அதுவே சொல்லும். லேப்டாப் இல்லையென்றால் பழைய டிரிஃப்ட் முறை, அதாவது நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது. வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், தலைக்கு மேலே தெற்கு வடக்குக் கோட்டைக் கடக்கும் ஒரு நட்சத்திரத்தைப் பிடியுங்கள். தை, மாசியில் ஓரியனின் இடைவார் மூன்று நட்சத்திரங்களும் இதற்கென்றே வைத்தது போல வரும். அது தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நகர்ந்தால் மேற்கே. அப்புறம் கிழக்கில் 20, 30 டிகிரி உயரத்தில் உள்ள இன்னொரு நட்சத்திரம். அது தெற்கே நகர்ந்தால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள். கைப்பேசித் திசைகாட்டியை நம்பி மவுண்டை நிறுத்துகிறவர்கள் இரும்பு முக்காலியிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

மவுண்டே இறங்க மறுப்பதும் உண்டு. சில மாடல்களின் அட்சரேகைத் திருகு 10 அல்லது 15 டிகிரியோடு நின்றுவிடும்; நமக்கு வேண்டியது 8.7. வடக்குப் பக்கக் காலைக் குறைத்து அல்லது தெற்குப் பக்கத்துக்குக் கீழே மரக்கட்டை கொடுத்து மொத்த முக்காலியையும் வடக்கே சாய்க்கலாம். குமிழ்மட்டம் நடுவில் நிற்காது, நிற்கவும் வேண்டாம். அச்சு துருவத்தைப் பார்த்தால் போதும். ஆனால் பாரம் வடக்கே சாய்வதால் கவிழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு தொல்லை, இவ்வளவு தாழ்வான அச்சில் எதிர் எடைக் கம்பி சுற்றும்போது வடக்குக் காலில் போய் இடிக்கும். வடக்கே ஒரு கால் என்ற கையேட்டு வழக்கத்தை மாற்றி, வடக்கே இரண்டு கால், தெற்கே ஒன்று என்று வைத்தால் கம்பி நடுவில் புகுந்து போய்விடும்.

ஒரு படம் அருமை, அடுத்தது கோணல், அதற்கடுத்தது வேறு திசையில் கோணல்

காற்று. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து இந்தப் பக்கம் அனுப்பும். முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் பணகுடியிலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். காற்றாலைக்கு நல்ல இடம் டெலஸ்கோப்புக்கு ஆகாது.

ஆடியில் மேகம் விலகும் இரவு கிடைத்தால் விட மனசு வராது, அதுவும் உச்சியில் தனுசு ராசி நெபுலாக்கள் நிற்கும் காலம். அப்போது முக்காலிக் கால்களை முழுக்க உள்ளே தள்ளித் தாழ்வாக வையுங்கள். மேற்குச் சுவரின் மறைவில் நில்லுங்கள். நீளமான பனிக்கூடு பாய்மரம் போல் காற்றைப் பிடிக்கும். அந்த மாதங்களில் பனி குறைவு, கழற்றிவிடலாம். தொங்கும் கேபிள்களைக் கட்டுங்கள். முக்காலியில் கனம் தொங்கவிடுவதானால் பை தரையைத் தொட்டு நிற்க வேண்டும். அந்தரத்தில் ஆடினால் அதுவே ஊசலாகிவிடும். எக்ஸ்போஷரை 30 விநாடியாகக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டி, கெட்டதைக் கழித்துவிட்டு ஸ்டாக் செய்வதுதான் அந்த மாதங்களின் நியாயமான வழி.

காற்றே இல்லாத இரவிலும் இப்படி வந்தால் மாடியைச் சந்தேகியுங்கள். யாராவது நடந்தாலும், கீழே தண்ணீர் மோட்டார் ஓடினாலும் கான்கிரீட் தளம் அதிர்வது 400 மி.மீ.யில் பதிவாகும்.

நடுவில் புள்ளி, மூலையில் மட்டும் கோடு

நான்கு மூலையிலும் ஒரே அளவு என்றால் படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் ஃபிளாட்னர் லென்ஸுக்கும் சென்சாருக்கும் உள்ள தூரம் தவறு. பெரும்பாலான ஃபிளாட்னர்களுக்கு அது 55 மி.மீ.; இடையில் ஃபில்டர் போட்டால் அதன் கண்ணாடித் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் கேமரா சாய்ந்து தொங்குகிறது, திருகுகளை இறுக்குங்கள். நட்சத்திரங்கள் படத்தின் நடுவைச் சுற்றி வில்லாக வளைந்திருந்தால், நீங்கள் பயன்படுத்துவது மேல் கீழ், இட வலம் மட்டும் திரும்பும் ஆல்ட் அசிமுத் வகை மவுண்ட். தலைக்கு மேலே வரும் பொருளில்தான் இந்தச் சுழற்சி மிக அதிகம். ரோசெட் நெபுலா நம் ஊரில் 86 டிகிரி உயரம் ஏறும். அதைக் கிழக்கில் பாதி ஏறும்போதே எடுத்துவிடுங்கள்.

நட்சத்திரம் எல்லாம் ஊதிப்போய் இருக்கிறது

தொடக்கப் படத்திலேயே ஊதியிருந்தால் ஃபோகஸ் தவறு. முதலில் நன்றாக இருந்து பிறகு மெதுவாக ஊதினால் பனி.

ஃபோகஸுக்குப் பஹ்தினோவ் மாஸ்க் (டெலஸ்கோப் வாயில் மாட்டும், கோடு கோடாக வெட்டிய மூடி) போல உதவுவது வேறெதுவும் இல்லை. விலையும் குறைவு. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வரும்வரை திருகி, பூட்டி, மாஸ்க்கைக் கழற்றுங்கள். கழற்ற மறப்பவர்கள் உண்டு. படமெல்லாம் சிலுவைக் கதிர்களோடு வந்தால் அதுதான். எந்த நட்சத்திரம் என்று தேட வேண்டாம்: பனிக்காலத்தில் சிரியஸ் அல்லது தெற்கே அகத்திய நட்சத்திரம், கோடையில் சித்திரை நட்சத்திரம், ஆனி ஆடியில் கேட்டை.

பனியில் நம் மாவட்டத்துக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று தாமிரபரணியை ஒட்டி, பிசான நெல் சாகுபடி தண்ணீரோடு நிற்கும் மார்கழி, தை மாதங்களில் பத்து மணிக்கே கண்ணாடி வியர்த்துவிடும். நாங்குநேரிக்குக் கிழக்கே, திசையன்விளைப் பக்கத்துக் காய்ந்த நிலத்தில் அதே இரவு நெடுநேரம் தாக்குப்பிடிக்கலாம். சந்தேகம் வந்தால் சிவப்பு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து முன் கண்ணாடியைப் பாருங்கள். பளபளப்பு மங்கி வெண்மை படர்ந்திருந்தால் பனி இறங்கிவிட்டது. அதற்கு ஹீட்டர் பட்டைதான் நிரந்தர மருந்து; கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் குழாயைச் சுற்றிக் கட்டி, தொடக்கத்திலிருந்தே லேசாகச் சூடு கொடுக்க வேண்டும். இறங்கிய பிறகு காயவைப்பது இரட்டை வேலை. வேட்டி நுனியால் மட்டும் துடைத்துவிடாதீர்கள். கண்ணாடி மேல் உள்ள பூச்சு போனால் திரும்பாது.

ஏசி அறையிலிருந்து கருவியை நேரே புழுக்கத்துக்குக் கொண்டுவந்தாலும் இதே வியர்வைதான். பையை மூடியபடியே வெளியே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி மட்டும் ஒளிவட்டம் என்றால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உயர்மேகம். நீலநிற வட்டம் என்றால் உங்கள் லென்ஸ் சாதாரண அக்ரோமேட், எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்காது. அதோடு வாழப் பழகலாம்.

நட்சத்திரம் நன்றாக இருக்கிறது, நெபுலாவைத்தான் காணோம்

ஃபில்டர் வாங்கவா, கேமராவை மாற்றவா என்று குழம்புவதற்கு முன் ஒரு சோதனை. ஓரியன் பெருநெபுலா எம் 42ஐ, எஃப் 5, ஐஎஸ்ஓ 1600, 30 விநாடியில் எடுங்கள். ஊருக்குள்ளிருந்தே அது தெளிவாக விழ வேண்டும். விழுந்தால் கருவியில் குறையில்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள்தான் உங்கள் கேமராவுக்குப் பொருந்தவில்லை.

மங்கலான நெபுலாக்களில் பெரும்பாலானவை மின்னுவது ஹைட்ரஜன் ஆல்ஃபா என்ற ஒற்றைச் சிவப்பில், அலைநீளம் 656.3 நானோமீட்டர். கடையில் வாங்கும் டிஎஸ்எல்ஆரின் சென்சார் முன்னால் உள்ள ஃபில்டர், முகநிறம் இயல்பாக வருவதற்காக, சரியாக அந்தச் சிவப்பின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. அதனால் கலிஃபோர்னியா நெபுலா, ரோசெட், ஓரியனைச் சுற்றியுள்ள பார்னார்ட் வளையம் ஆகியவை மாற்றம் செய்யாத கேமராவில் அழுக்குக் கறை போலத்தான் வரும். எம் 42, தனுசில் எம் 8, பாதி நீலமாகவும் பாதி சிவப்பாகவும் உள்ள எம் 20, கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலத் தூசி ஆகியவை அதே கேமராவில் தாராளமாக வரும். முதல் ஆண்டை இவற்றிலேயே கழிக்கலாம் என்பது என் கட்சி. ஃபில்டரை அகற்றிய கேமரா பெரிய வித்தியாசம் காட்டும், உண்மைதான். ஆனால் சென்சாரைப் பிரித்துப் பழக்கமில்லாத ரிப்பேர் கடையில் அதைக் கொடுக்காதீர்கள்.

ஊருக்குள்ளிருந்து எடுப்பவர்களுக்கு இரட்டைப் பட்டை ஃபில்டர் பயன்படும். அது 656.3 நானோமீட்டரையும் ஆக்சிஜனின் 500.7ஐயும் ஒட்டிய குறுகிய பட்டைகளை மட்டும் விடும். பழைய ஒளிமாசு ஃபில்டர்கள் 589 நானோமீட்டர் சோடியம் விளக்குக்காகச் செய்தவை. இப்போது தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. அதன் ஒளி நிறமாலை முழுக்கப் பரவிக் கிடப்பதால் அவை அதிகம் உதவாது. கார்த்திகைக் கூட்டத்துக்கும் கேலக்ஸிகளுக்கும் இரட்டைப் பட்டையும் கெடுதல்தான். அவற்றின் ஒளியையும் சேர்த்து வெட்டிவிடும். அவற்றுக்கு இருட்டு மட்டுமே ஃபில்டர்.

மொத்த எக்ஸ்போஷர் நேரம் போதாமலும் இருக்கலாம். சத்தத்தோடு, அதாவது படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் இரைச்சலோடு ஒப்பிட்ட தெளிவு நேரத்தின் வர்க்கமூலத்தில்தான் கூடும். இரு மடங்கு தெளிவுக்கு நான்கு மடங்கு நேரம். ஐஎஸ்ஓவைக் கூட்டினால் திரை வெளிச்சமாகும், கூடுதலாக ஒரு ஃபோட்டான்கூட உள்ளே வராது. ஒவ்வொரு படத்திலும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவு வரைபடம்) மேடு இடது சுவரைவிட்டுத் தெளிவாகப் பிரிந்து நின்றால் அந்த எக்ஸ்போஷர் போதும். அப்புறம் எண்ணிக்கைதான்.

தெற்கு வானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மனசு கேட்காது. கரினா நெபுலா எம் 42ஐவிடப் பெரியது. 30 டிகிரிக்கு வடக்கே இருப்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை. நமக்கு 21 டிகிரிக்குச் சற்று மேலே ஏறுகிறது, 15 டிகிரிக்கு மேல் சுமார் 5 மணி நேரம் நிற்கிறது. மாசி, பங்குனியில் நள்ளிரவை ஒட்டி உச்சம். அந்தத் தாழ்வில் அது மங்கலாக வருகிறது என்றால் நீங்கள் பார்ப்பது தலைக்கு மேலே உள்ளதைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகமான காற்றின் ஊடாக. தெற்கே ஊர் வெளிச்சம் இல்லாத இடம்தான் மருந்து. உவரிப் பக்கத்துக் கடற்கரையில் தெற்கே கடல். மீன்பிடிப் படகுகளின் விளக்கும் கண்ணாடியில் படியும் உப்புச் சாரலும்தான் தொல்லை, அதனால் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நில்லுங்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்துக்கும் அருகே முக்காலியை விரிக்க வேண்டாம். களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள் இரவில் அனுமதியில்லாமல் போவதும் ஆகாது. வேறெங்கே போனாலும் பக்கத்து ஊரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “என்ன அண்ணாச்சி, ஏவுகணையா?” என்று கேட்டு வருபவருக்கு நிலாவைக் காட்டினால் அடுத்த முறை அவரே நல்ல இடம் காட்டுவார்.

பின்னணி ஒரு பக்கம் வெளுத்து, ஒரு பக்கம் கறுத்து இருக்கிறது

இது வானத்துடையதா கருவியுடையதா என்று முதலில் பிரியுங்கள். கேமராவை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம் எடுங்கள். வெளுப்பு படச்சட்டத்தோடு அப்படியே நின்றால் அது லென்ஸின் ஓர இருட்டு, ஃபிளாட் ஃப்ரேம் (சீரான வெள்ளை வெளிச்சத்தில் எடுக்கும் ஒப்பீட்டுப் படம்) சரிசெய்யும். வெளுப்பு சட்டத்துக்குள் இடம் மாறி, வானத்தில் அதே திசையில் நின்றால் வெளியிலிருந்து வரும் ஒளி. நகரம், நிலா, இல்லையென்றால் கோயில் கொடைத் திருவிழா. சித்திரையிலும் ஆடியிலும் ஏதாவது ஒரு ஊரில் அம்மன் கோயில் கொடை நடந்துகொண்டே இருக்கும். சீரியல் செட்டும் டியூப் லைட்டும் போட்ட திசையில் இரண்டு மூன்று நாள் வானம் போய்விடும். அமாவாசை பார்த்துக் கிளம்புவதைப் போல கொடை நாளையும் விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. எடுத்துவிட்ட படத்தில் உள்ளதை சிரில் மென்பொருளின் பின்னணி நீக்கும் கருவியால், படத்தை ஸ்ட்ரெட்ச் செய்வதற்கு (மங்கலான பகுதிகளை வெளிச்சமாக்குவதற்கு) முன் நீக்குங்கள். மாதிரிப் புள்ளிகளை நெபுலாவின் மேல் வைத்துவிட்டால் நெபுலாவும் சேர்ந்து போகும்.

ஊரே இல்லாத இடத்தில், நிலா இல்லாத இரவில், பச்சையாகவோ சிவப்பாகவோ பட்டை பட்டையாகப் பின்னணி மாறிக்கொண்டே இருந்தால் பயப்பட வேண்டாம். அது வளிமண்டலத்தின் சொந்த ஒளிர்வு. ஆக்சிஜன் அணுக்கள் 100 கி.மீ.க்குச் சற்றுக் கீழே 557.7 நானோமீட்டர் பச்சையிலும், சுமார் 250 கி.மீ. உயரத்தில் 630 நானோமீட்டர் சிவப்பிலும் இரவெல்லாம் மின்னுகின்றன. திருநெல்வேலி காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இதையெல்லாம் ஆராயவே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. நமக்குத் தொல்லை, அவர்களுக்குத் தரவு. இரட்டைப் பட்டை ஃபில்டர் இந்த இரண்டு கோடுகளையும் வெட்டிவிடும்.

வட்ட வட்டமாக நிழல்

சென்சார் அல்லது ஃபில்டர் மேல் தூசி. ஃபிளாட் ஃப்ரேம் எடுங்கள்: ஃபோகஸையும் கேமரா கோணத்தையும் தொடாமல், டெலஸ்கோப் வாயில் வெள்ளைத் துணியைச் சுருக்கமில்லாமல் கட்டி, சீரான வெளிச்சத்தில். நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குவதால் அந்தி சீக்கிரம் கரைந்துவிடும். சாயங்கால வானத்தை நம்பாமல் டேப்லெட்டின் வெள்ளைத் திரையை வைத்து எடுங்கள்.

சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள். அல்லது சாய்வாக மழைக்கோடு போன்ற சத்தம்

புள்ளிகள் சென்சார் சூட்டினால் வருபவை. சூடு 6 டிகிரி செல்சியஸ் கூடினால் சென்சாரில் தானாக ஊறும் மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 5 டிகிரி குளிரில் எடுப்பவரின் கேமராவோடு 28 டிகிரி சித்திரை இரவில் நிற்கும் உங்கள் கேமராவை ஒப்பிட்டால் சுமார் பதினான்கு மடங்கு வந்துவிடும். வெளிநாட்டுப் படத்தோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டியதில்லை. படங்களுக்கு நடுவே அரை நிமிடம் இடைவெளி விடுங்கள். திரையை அணைத்து, மடக்கும் திரையானால் உடலைவிட்டு விலக்கி வையுங்கள்.

இந்தப் புள்ளிகளைக் கழிக்க உதவும் டார்க் ஃப்ரேமை அதே இரவில், அதே இடத்தில், மூடியைப் போட்டு, அதே எக்ஸ்போஷரில் எடுக்க வேண்டும். மறுநாள் ஃபிரிட்ஜில் கேமராவை வைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சூடு பொருந்தாத டார்க் புதுப் புள்ளிகளைச் சேர்த்துவிடும். குளிரூட்டும் கேமரா வைத்திருப்பவர்கள் கையேட்டில் உள்ள மைனஸ் 20ஐ வைக்காதீர்கள். பெரும்பாலானவை வெளி வெப்பத்தைவிட 35 டிகிரி வரைதான் குறைக்கும். கோடைக்கு 0, தைக்கு மைனஸ் 10 என்று இரண்டை நிர்ணயித்து, இரண்டுக்கும் டார்க் தொகுப்பு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாய்வுக் கோடுகள் வருவது வேறு காரணத்தால். இரவு முழுக்க படம் ஒரே திசையில் மெல்ல நகர, சென்சாரின் கறைகள் ஸ்டாக்கில் வரிசையாக இழுபடுகின்றன. இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை டெலஸ்கோப்பைச் சில பிக்சல் அங்கும் இங்கும் நகர்த்துங்கள். டித்தரிங் என்பது இதுதான். கைடிங் மென்பொருள் இல்லாதவர்கள் கையாலேயே பொத்தானைத் தட்டலாம். டார்க் ஃப்ரேமைவிட இதற்குத்தான் பலன் அதிகம்.

குறுக்கே வெள்ளைக் கோடு

விமானமோ செயற்கைக்கோளோ. பதினைந்து படத்துக்கு மேல் இருந்தால் ஸ்டாக் செய்யும்போது சிக்மா கிளிப்பிங் (மற்றப் படங்களில் இல்லாததை ஒதுக்கும் முறை) அதைத் தானாகக் கழித்துவிடும்; அந்தப் படத்தைத் தூக்கிப் போட வேண்டாம். குதிரைத்தலை நெபுலாவில் மட்டும் ஒரே திசையில் வரிசையாகக் கோடுகள் வருவதற்குக் காரணம் தனி. புவிநிலைச் செயற்கைக்கோள்களின் வரிசை நம் அட்சரேகையிலிருந்து பார்க்கும்போது வான நடுக்கோட்டுக்கு சுமார் ஒன்றரை டிகிரி தெற்கே தெரிகிறது. ஓரியனின் இடைவாரும் அதை ஒட்டிய குதிரைத்தலையும் இருப்பது அந்தப் பக்கம்தான். அவை அசையாமல் நிற்க, நட்சத்திரத்தைத் தொடரும் நம் டெலஸ்கோப் அவற்றைக் கடந்து போவதால் கோடாக விழுகின்றன. இடத்தை மாற்றித் தப்ப முடியாது, டித்தரிங்கும் நிறையப் படங்களும் இருந்தால் மறைந்துவிடும்.

எம் 42இன் நடுப்பகுதி வெள்ளையாக எரிந்துபோயிருக்கிறது

5 விநாடியில் ஒரு தொகுப்பு, 30 விநாடியில் ஒன்று, 2 நிமிடத்தில் ஒன்று எடுத்து, தனித்தனியாக ஸ்டாக் செய்து, கிம்ப் மென்பொருளில் அடுக்குகளாக வைத்து, நடுவை மட்டும் சிறிய எக்ஸ்போஷரிலிருந்து எடுங்கள்.

ஸ்டாக் செய்த கோப்பு வெறும் கறுப்பு

கோளாறே இல்லை. அது இன்னும் ஸ்ட்ரெட்ச் செய்யாத நேர்கோட்டுக் கோப்பு. சிரிலில் பார்வை முறையை ஆட்டோ ஸ்ட்ரெட்சுக்கு மாற்றினால் நெபுலா உள்ளே இருக்கிறதா என்று தெரியும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த மவுண்ட் திடீரென்று தாறுமாறாகப் போகிறது

மவுண்டைக் கழற்றிப் பிரிக்கும் முன் பேட்டரியில் வோல்ட்மீட்டரை வையுங்கள். ஹீட்டர் பட்டை, கேமரா குளிரூட்டி, மவுண்ட் மூன்றும் ஒரே 12 வோல்ட் பேட்டரியில் தொங்கும்போது நள்ளிரவுக்கு மேல் அழுத்தம் விழும்; மோட்டார் படிகளைத் தவறவிடும். ஹீட்டருக்குத் தனி பேட்டரி கொடுங்கள். வோல்ட் சரியாக இருந்தால், பொருள் உச்சியைக் கடந்து டெலஸ்கோப்பின் கேமரா முனை முக்காலிக் காலில் முட்டி நிற்கிறதா, கேபிள் எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சியைக் கடக்கும் நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளில் முன்பே குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து நீங்களே டெலஸ்கோப்பை மறுபக்கம் புரட்டிவிட்டு, ஃபோகஸை ஒருமுறை சரிபார்த்துத் தொடருங்கள்.